அளந்த நீர்

அளவு தெரியாத பொருளுக்கு மதிப்பில்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். குழாயைத் திருகினால் நீர் வருகிறது, மூடினால் நிற்கிறது. அது எங்கிருந்து வருகிறது, இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் அரிது. ஆகவே பொருளின் அளவை மனிதனின் கண்ணுக்குக் காட்டிவிட்டால் போதும், அவன் சிக்கனம் பழகுவான், பிறரையும் நினைப்பான் என்றே நாமும் நெடுங்காலம் நம்பியிருந்தோம். ஒரே ஒரு பகற்பொழுதின் பயணம் அந்த நம்பிக்கையின் ஒரு பாதியை மெய்ப்பித்தது. மறு பாதியை உடைத்தெறிந்தது. அந்தப் பயணத்தையும், அது நம்முன் வைத்த வினாவையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். கலிபோர்னியாவில் வாழும் மகளின் இல்லத்திற்குச் சென்றிருந்த நாங்கள் இருவரும், மகள், மருமகன், பத்து வயதுப் பேரன் ஆகியோருடன் மரணப் பள்ளத்தாக்கு என்னும் பாலைநிலத்தைக் காணப் புறப்பட்டோம். மருமகன் வாடகைக்கு எடுத்திருந்த ஊர்தியை அந்நாட்டில் 'ஆர்.வி.' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் தங்கும் 'கேரவன்' வண்டியைக் கண்டவர்கள் இதனை எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். இருபத்தைந்து அடி நீளம். உள்ளே படுக்கைகள், எரிவாயு அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை, கழிவறை. இதனை வண்டிவீடு என்று நாம் அழைத்துக்கொள்வோம்.

இந்த வண்டிவீட்டின் அடிப்பாகத்தில் மூன்று தொட்டிகள் இருந்தன. முதலாவது நன்னீர்த் தொட்டி. அதன் கொள்ளளவு 40 காலன். அதாவது ஏறத்தாழ 150 லிட்டர். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சென்று சேர்வது சாம்பல் நீர்த் தொட்டி. கழிவறையின் கழிவைத் தாங்குவது கருநீர்த் தொட்டி. கதவருகே ஒரு சிறு பலகை உண்டு. பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு தொட்டிக்கும் விளக்குகள் எரியும்: காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, நிறைவு. அவ்வளவே. இடைப்பட்ட அளவுகளை அந்தப் பலகை அறியாது.

நகரத்து வீட்டில் நாம் ஒருபோதும் காணாத காட்சி இது. அங்கே வருகின்ற நீருக்குத் தொடக்கம் தெரிவதில்லை. கழிகின்ற நீருக்கு முடிவு தெரிவதில்லை. இங்கேயோ பயன்படுத்தப்போகும் நீரும், பயன்படுத்திக் கழித்த நீரும் ஒரே கூரையின்கீழ் நம்முடனேயே பயணம் செய்கின்றன. நம் தேவையையும் நம் அழுக்கையும் நாமே சுமந்து செல்கிறோம்.

முதல் நாள் இரவு பார்ஸ்டோ நகரில் தங்கிவிட்டுக் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். மொகாவி பாலையின் நடுவே கிழக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை அது. இருபுறமும் எண்ணெய் வற்றிய தலைமுடிபோல ஆங்காங்கே புதர்கள். அவற்றுக்கு அப்பால் மரமற்ற மலைகள். காற்று ஓங்கி வீசும்போதெல்லாம் எங்கள் வண்டிவீடு பக்கவாட்டில் அசைந்தது. அலமாரிக்குள் தட்டுகள் முணுமுணுத்தன. ஏறத்தாழ 60 மைல் சென்றதும் பேக்கர் என்னும் சிற்றூர் வந்தது. அங்கே உலகிலேயே உயரமானது என்று சொல்லப்படும் வெப்பமானி ஒன்று நிற்கிறது. 1991-இல் நிறுவப்பட்ட அதன் உயரம் 134 அடி. மரணப் பள்ளத்தாக்கில் 1913-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் 134 பாரன்ஹீட் பாகை, அதாவது 56.7 செல்சியஸ் வெப்பம் பதிவானது. அந்தப் பதிவின் நினைவாகப் பாகைக்கு ஓர் அடி வீதம் எழுப்பினார்களாம். வெப்பத்தை அளந்து, அந்த அளவையே ஒரு கோபுரமாக நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் அதனடியில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நீர்த் தொட்டியை நிரப்பிக்கொள்ளும் எண்ணம் எங்களுக்கு எழவே இல்லை.

பேக்கரிலிருந்து வடக்கே பிரிகிறது 127-ஆம் எண் சாலை. அடுத்த ஊராகிய ஷோஷோன் வரை 57 மைலுக்கு ஒரு கடையோ எரிபொருள் நிலையமோ இல்லை. தொலைபேசித் தொடர்பும் அறுந்துபோயிற்று. வறண்ட ஏரிப்படுகை ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்திச் சோறு சமைத்து உண்டோம். மகள் பாத்திரங்களைச் சோப்புத் துணியால் துடைத்து, ஒரே கிண்ணம் நீரில் அனைத்தையும் அலசி எடுத்தாள். பேரன் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக, ஒரு கையளவு நீரில் முகம் கழுவக் கற்றுக்கொண்டான். குழாய் திறக்கும்போதெல்லாம் தரைக்கு அடியிலிருந்து இறைப்பானின் உறுமல் எழும். அந்த ஒலி, 'எடுக்கிறாய், எடுக்கிறாய்' என்று நம்மிடம் சொல்வதுபோல் இருந்தது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, வண்ண வண்ணக் குடங்களோடு லாரிக்காகக் காத்துநின்ற நாள்கள் எங்கள் நினைவுக்கு வந்தன. "அப்போது பழகியது இப்போது உதவுகிறது, அம்மா" என்றாள் மகள். எங்கள் நெஞ்சில் ஒருவிதப் பெருமிதம் அரும்பியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறைந்த நீரில் நிறைந்து வாழ்கிறோம் என்னும் பெருமிதம்!

இங்கேதான் முதல் வினா எழுகிறது. கட்டாயத்தால் வந்த சிக்கனம் நற்பண்பு ஆகுமா? மொகாவி பாலையில் கங்காரு எலி என்றொரு சிற்றுயிர் வாழ்கிறது. நீர் அருந்தாமலேயே வாழ வல்லது அது. தின்னும் விதைகளிலிருந்தே உடலுக்கு வேண்டிய நீரை ஆக்கிக்கொள்கிறது. அதனைத் துறவி என்று எவரும் போற்றுவதில்லை. அதன் உடலமைப்பு அப்படி. எங்கள் தொட்டியின் அமைப்பும் அப்படித்தானே? 150 லிட்டருக்குமேல் இல்லை என்னும்போது 150 லிட்டருக்குள் வாழ்வதில் என்ன அறம் இருக்கிறது? இந்த ஐயம் அப்போது எங்களுக்கு எழவில்லை. பாத்திரங்களை அடுக்கிவிட்டுப் பலகையைப் பார்த்த மருமகன், "மாமா, மூன்றில் இரண்டு அணைந்துவிட்டது. இப்போது மூன்றில் ஒன்றுதான் எரிகிறது" என்றார். அந்த ஒரு சொல்லோடு வண்டிக்குள் இருந்த பெருமிதம் அச்சமாக மாறிற்று.

ஐபெக்ஸ் கணவாயை நோக்கிச் சாலை மேடேறத் தொடங்கியது. ஏற்றத்தின் நடுவில், மண் ஓரத்தில் பழைய கார் ஒன்று முன்மூடியைத் திறந்தபடி நின்றிருந்தது. எழுபதைக் கடந்த ஒருவர் கையசைத்தார். காரின் நிழலில் மடக்கு நாற்காலி ஒன்றில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். இயந்திரம் கொதித்துவிட்டது என்றும், ரேடியேட்டருக்கு ஊற்றவும், வழிக்குக் கையிருப்பாக வைத்துக்கொள்ளவும் கொஞ்சம் நீர் கிடைக்குமா என்றும் அந்த முதியவர் கேட்டார். அவர் கையில் ஒரு காலன் அளவுள்ள வெற்றுக் கேன்கள் இரண்டு இருந்தன.

மருமகன் அவற்றை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். "எவ்வளவு கொடுக்கலாம், மாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எங்களிடையே இருந்து ஒரு குரல் எழுந்தது: "ஒன்றில் பாதி போதுமே. நமக்கும் இரவு இருக்கிறது, பிள்ளை இருக்கிறான்." எவரும் மறுத்துப் பேசவில்லை. இறைப்பான் சிறிது நேரம் உறுமி நின்றது. ஒரு கேன் பாதி நிரம்பியது. ஏறக்குறைய இரண்டு லிட்டர். மற்றொன்று வெறுமையாகவே திரும்பியது. அவர் இரண்டையும் பெற்றுக்கொண்டு நன்றி கூறினார். "இயந்திரம் ஆறட்டும். மெல்ல மெல்ல ஷோஷோன் வரை போய்விடலாம்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. இருபத்தைந்து அடி வீட்டுக்குள்ளிருந்து அரைக் கேன் நீர் வந்ததைக் கண்டு அவர் என்ன நினைத்தாரோ! நாங்கள் புறப்பட்டோம்.

கணவாயைக் கடந்து இறங்கும்வரை வண்டிக்குள் யாரும் பேசவில்லை.

எங்களுள் மறுத்தவர் யார்? எண்ணிப் பார்த்தால், ஒருவரும் இல்லை. பாதி போதும் என்று சொன்ன குரல் எல்லாருடைய குரலாகவும் இருந்தது. தனித்தனியே கேட்டிருந்தால், ஐவரும் இரண்டு கேன்களையும் நிரப்பிக் கொடுத்திருப்போம் என்றே இப்போதும் எண்ணுகிறோம். 'நாம்' என்னும் சொல்லுக்கு எத்தனையோ சிறப்புகள் உண்டு. பகிர்வின் சொல் அது. உறவின் சொல் அது. ஆயினும் ஒளிந்துகொள்ள ஏற்ற இடமும் அதுவே. நமக்கு வேண்டுமே, நம் பிள்ளைக்கு வேண்டுமே என்று சொல்லும்போது தன்னலம் தன் முகத்தை மறைத்து அன்பின் முகத்தை அணிந்துகொள்கிறது.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. அதனையும் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். முன்யோசனை குற்றமா? பாலைக்குச் செல்பவன் தன் நீரைத் தானே கொண்டுசெல்லக் கடமைப்பட்டவன். குழந்தையோடும் முதியவரோடும் செல்பவன் இருப்பதையெல்லாம் வழியில் வாரிக் கொடுத்துவிட்டு இரவில் தவித்தால், அது ஈகை ஆகாது, பொறுப்பின்மை ஆகும். உண்மைதான். ஆனால் முன்யோசனை என்பது கணக்குப் பார்ப்பது. நாங்கள் கணக்குப் பார்த்தோமா? ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர் நீர் வேண்டும் என்று மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் அறிவுரை கூறுகிறது. ஐவருக்கு இருபது லிட்டர். மூன்றில் ஒன்று என்னும் விளக்கு எரிகிறது என்றால், தொட்டியில் குறைந்தது ஐம்பது லிட்டர் இருக்கிறது என்று பொருள். அதற்கு மேலும் இருக்கலாம். நாங்களோ அந்த விளக்கை, ஐம்பதுதான் இருக்கிறது என்று படித்தோம். சேரவிருந்த முகாமில் குடிநீர்க் குழாய் உண்டு என்பதைப் புறப்படுமுன் படித்திருந்தோம். அந்தக் கணத்தில் அது எவருக்கும் நினைவில்லை. அச்சம் கணக்குப் பார்ப்பதில்லை. கணக்குப் பார்ப்பதுபோல் நடிக்கிறது.

ஷோஷோனை அடைந்தபோது பிற்பகல் இரண்டரை மணி. எரிபொருள் நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு குழாய் இருந்தது. கேட்டதற்கு, "வேண்டிய மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார் கடையில் இருந்த பெண்மணி. தொட்டி நிரம்பும்வரை அந்த நீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த ஒலியைக் கேட்பது எளிதாக இல்லை. அரை மணி நேரம் காத்திருந்தோம். பழைய கார் வரவில்லை. திரும்பிச் சென்று பார்த்து வரலாம் என்றார் மருமகன். நவம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. பழகாத பெரிய வண்டி. வளைந்து ஏறும் மலைச்சாலை. தயங்கி நின்ற எங்களைப் பார்த்து, "அந்தப் பக்கம் போகிற ஆள் ஒருவர் இருக்கிறார், நான் பார்க்கச் சொல்கிறேன்" என்றார் அந்தப் பெண்மணி. நாங்கள் நன்றி கூறி விடைபெற்றோம். நமக்குரிய கடமையை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும்போது வரும் நிம்மதி ஒரு நாளும் முழுமையாவதில்லை. அந்த முதியோர் இருவரையும் பற்றி அதன்பின் நாங்கள் ஒன்றும் அறியவில்லை.

ஷோஷோனிலிருந்து வடக்கே செல்லும் சாலைக்கு அருகே அமர்கோசா என்றோர் ஆறு உண்டு. அதன் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் மணலுக்கு அடியிலேயே ஓடுகிறது. 27 மைல் கடந்ததும் டெத் வேலி ஜங்ஷன். அங்கிருந்து கிழக்கே, நெவாடா எல்லைக்கு அப்பால், 'டெவில்ஸ் ஹோல்' என்னும் பாறைப் பிளவு ஒன்று இருக்கிறது. அங்கு நாங்கள் செல்லவில்லை. ஆயினும் அதன் வரலாற்றை மருமகன் சொல்லக் கேட்டோம். எங்கள் நெஞ்சில் கனத்துக்கிடந்த வினாவுக்கு அது நேராக வந்து பொருந்தியது.

அந்தப் பிளவுக்குள் ஆழம் மிகுந்த வெந்நீர்க் குளம் ஒன்று இருக்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத ஒரு சிறுமீன் இனம் அதில் வாழ்கிறது. பப்ஃபிஷ் என்பார்கள், ஓர் அங்குல நீளம். குளத்தின் ஓரத்தில் நீருக்குச் சற்றுக் கீழே பாறைத் திட்டு ஒன்று உண்டு. அதில் படரும் பாசியே அவற்றின் உணவு. அங்கேதான் அவை முட்டையிடுகின்றன. 1952-இல் அதிபர் ட்ரூமன் அந்த இடத்தை மரணப் பள்ளத்தாக்குப் பாதுகாப்புப் பகுதியோடு சேர்த்தார். 1968 முதல் அருகிலிருந்த பெரும்பண்ணை ஒன்று ஆழ்கிணறுகளிலிருந்து நீர் இறைக்கத் தொடங்கியது. குளத்து நீர் தாழ்ந்தது. பாறைத் திட்டு வெளியே தெரியத் தொடங்கியது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மீனைக் காப்பாற்று என்று சிலரும், மீனைக் கொல் என்று சிலரும் தங்கள் கார்களில் வாசகம் ஒட்டிக்கொண்டு திரிந்தார்களாம். 1976-இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். இறைக்கவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. மீன்கள் வாழத் தேவையான அந்தப் பாறைத் திட்டு மூழ்கியிருக்கும் மட்டத்திற்குக் கீழே நீர் இறங்குமாறு இறைக்கக் கூடாது என்றார்கள். 2013-ஆம் ஆண்டு வசந்தகாலக் கணக்கெடுப்பில் அங்கே எஞ்சியிருந்த மீன்கள் 35. இனம் இன்னும் அழியவில்லை.

பண்ணையாரும் கொடியவர் அல்லர். அவருக்கும் கணக்கு இருந்தது: இத்தனை ஏக்கர், இத்தனை கால்நடை, இத்தனை நீர். அந்தக் கணக்கில் தவறொன்றும் இல்லை. கணக்கில் மீன் இல்லை என்பதுதான் குறை. நீதிமன்றம் செய்தது என்ன? இதுவரை எண்ணப்படாத ஓர் உயிரை எண்ணிக்கையில் சேர்த்தது, அவ்வளவே. ஆழ்ந்து நோக்கினால், அறம் என்று நாம் போற்றும் பலவும் இந்தச் சேர்த்தலில்தான் தொடங்குகின்றன என்று தோன்றுகிறது.

மேற்கே திரும்பி முப்பது மைல் இறங்கினோம். கடல்மட்டத்திற்குக் கீழே வந்துவிட்டோம் என்று வழியில் ஒரு பலகை அறிவித்தது. ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு அங்குல மழை மட்டுமே பெய்யும் அந்தப் பள்ளத்தில், ஃபர்னஸ் கிரீக் என்னுமிடத்தில் திடீரென்று பேரீச்சை மரங்களும் பசும்புல் பரந்த கோல்ஃப் திடலும் தென்பட்டன. ஊற்றுநீரின் புண்ணியம் அது. அதன் அருகிலேயே திம்பிஷா ஷோஷோன் மக்களின் சிற்றூர் இருக்கிறது. அந்நிலத்தின் முன்னோர்கள் அவர்களே. கோடையில் குளிர்ச்சி நாடி மலைக்குச் சென்று, பின்னர் திரும்புவது அவர்களின் வழக்கம். 1950-களின் பிற்பகுதியில், அவ்வாறு ஆளில்லாமல் இருந்த மண்வீடுகளைப் பூங்கா நிருவாகம் குழாய்நீரைப் பீய்ச்சியடித்துக் கரைத்தது. உலகின் மிக வறண்ட நிலங்களுள் ஒன்றில், வீடுகளைக் கரைக்க நீர் இருந்தது! 1983-இல் அரசு அவர்களைத் தனிப் பழங்குடியாக ஏற்றது. 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அந்த மண்ணில் அவர்களுக்கு உரிய நிலத்தைத் திருப்பித் தந்தது. எண்ணப்படாதிருந்தோர் எண்ணப்படுவதற்கு எத்தனை ஆண்டுகள்!

கதிரவன் மறையும் நேரத்தில் முகாமை அடைந்தோம். சரளைக் கற்கள் பரப்பிய திடல். வரிசை வரிசையாக வண்டிவீடுகள். சிறிது தொலைவில் குடிநீர்க் குழாய், தடையின்றி நீர் வழங்கியபடி. இரவு உணவுக்குப்பின் வெளியே நாற்காலிகளைப் போட்டு அமர்ந்தோம். விண்மீன்கள் அத்தனை நெருக்கமாக நாங்கள் கண்டதில்லை. அப்போது பேரன், இந்த ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டான். அவன் தாய் சொன்னாள்.

1849-ஆம் ஆண்டு, தங்கம் தேடிக் கலிபோர்னியா நோக்கி மாட்டு வண்டிகளில் வந்தவர்களுள் சிலர், குறுக்கு வழி என்று நம்பி இந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டார்கள். குழந்தைகள் உள்ள குடும்பங்கள் ஓர் ஊற்றருகே தங்கின. வில்லியம் லூயிஸ் மேன்லி, ஜான் ராஜர்ஸ் என்னும் இரண்டு இளைஞர்கள் உதவி தேடிக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். தாகத்தால் நா வறண்டு, மலைகளையும் பாலைகளையும் கடந்து, கடைசியில் கடற்கரைப் பக்கத்து மக்கள் வாழும் பண்ணைப் பகுதியை அடைந்தார்கள். உணவும் நீரும் பசுமையும் நிறைந்த இடம். அவர்கள் அங்கேயே தங்கியிருக்கலாம். காத்திருப்போர் இந்நேரம் இறந்திருப்பார்கள் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டிருந்தால், அதனைப் பொய்யென்று காட்ட ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். அவர்கள் உணவோடு திரும்பி வந்தார்கள். போய்வர மூன்று வாரத்திற்கு மேலாயிற்று. அந்தக் குடும்பங்களை உயிரோடு வெளியே அழைத்துச் சென்றார்கள். 1894-இல் மேன்லி இதையெல்லாம் ஒரு நூலாக எழுதினார்.

கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் பேச்சற்றுப் போனோம். இளைஞர் இருவரும் எங்களைவிட வளம் மிக்கவர்களாக இருந்ததால் திரும்பவில்லை. அவர்கள் மனத்தில் இருந்த எண்ணிக்கையில், ஊற்றருகே காத்திருந்த அனைவரும் இருந்தார்கள். இரண்டு பேர் உணவு தேடிச் சென்றார்கள் என்பது பிறர் பார்வை. அவர்களுடைய கணக்கிலோ அது ஒருபோதும் இரண்டு பேருக்கான உணவு அன்று.

அப்போது 2019-இன் இன்னொரு காட்சி நினைவில் எழுந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஆறு குடம் என்று அளந்து ஊற்றிய நாள்களில், ஒரு பெண்மணி தன் ஆறில் ஒன்றைத் தெருக்கோடியில் தனியே வாழ்ந்த பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். "எங்கள் வீட்டுக்கு ஐந்து குடம்தான்" என்று சொல்வாரே தவிர, ஆறில் ஒன்றைத் தருமம் செய்கிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் கணக்கு ஐந்திலிருந்துதான் தொடங்கும். அந்தச் சொல்லின் ஆழம் அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை பேட்வாட்டர் என்னும் பள்ளத்தைக் காணச் சென்றோம். கடல்மட்டத்திற்கு 282 அடி கீழே, வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த நிலம். வழக்கமாக உப்பு வெளியாகக் கிடக்கும் அந்த இடத்தில், அவ்வாண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள் புயலால் ஒரே நாளில் கொட்டிய 2.2 அங்குல மழையின் விளைவாக ஏரி ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் நீர். குடிக்க ஒரு துளியும் ஆகாது. அந்தப் பள்ளத்தாக்கிற்கு ஆறுகள் உள்ளே வர வழியுண்டு. வெளியே செல்ல வழியில்லை. வந்த நீரெல்லாம் அங்கேயே தங்கி, கதிரவனால் வற்றி, உப்பாகிறது. நாங்கள் அதன் கரையில் நெடுநேரம் நின்றோம்.

பின்னர் முகாமுக்குத் திரும்பிக் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்தோம். தடித்த குழாயின் வழியே சாம்பல் நீர் இறங்கும் ஓசையைக் கேட்டபோது, நேற்று முழுவதும் நாங்கள் பெருமிதத்தோடு மிச்சப்படுத்தியதாக எண்ணிய நீர் எவ்வளவு என்பதும், அதில் நாங்கள் கழித்தது எவ்வளவு என்பதும் தெரிந்தது. மறுக்கப்பட்ட ஆறு லிட்டரைப்போல் பல மடங்கு.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு நாம் இப்படி விடை காண்கிறோம். அளவு தெரிவது நல்லது, வேண்டியது. அளவு தெரியாதவன் வீணடிக்கிறான். ஆனால் அளவு தெரிந்த மாத்திரத்தில் மனிதன் நல்லவனாகிவிடுவதில்லை. அதே அளவு அவனுக்குச் சிக்கனத்தையும் கற்பிக்கும். இறுக மூடிய கையையும் கற்பிக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுமே குழாயை விரைந்து மூடும். வேறுபாடு ஒன்றே: யாருக்காக மூடுகிறோம் என்பது. எண்ணிக்கையில் தன்னையும் தன்னைச் சேர்ந்தோரையும் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சம் பிடிப்பவனின் சிக்கனம், வெளியேற வழியில்லாத அந்தப் பள்ளத்தின் நீரைப்போல உப்பாகிவிடுகிறது. இன்னும் முகம் அறியாத ஒருவருக்காக முன்னதாகவே ஓர் இடத்தை ஒதுக்கிவைத்து அளப்பவனின் சிக்கனமே நற்பண்பு எனத் தகும். ஒருவர் வந்து கேட்கும்போது கணக்கைத் தொடங்கினால், அச்சம் நம்மை முந்திக்கொள்ளும். அந்த ஒருவர் வருமுன்னரே கணக்கில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் சாலையோரத் தண்ணீர்ப் பந்தல்கள் சொல்வதும் இதுவன்றோ? மரணப் பள்ளத்தாக்கின் மலையேற்றங்களிலும், கொதித்து நிற்கும் வண்டிகளுக்காக ரேடியேட்டர் நீர் என்று எழுதிய தொட்டிகளை ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். யார் வருவார் என்று தெரியாமலே நிரப்பிவைத்த நீர் அது.

இரண்டு நாள் கழித்து அதே 127-ஆம் எண் சாலையில் திரும்பினோம். புறப்படுமுன் முகாமருகே இருந்த கடையில் மருமகன் ஒரு காலன் கேன்கள் இரண்டை வாங்கி, குழாயில் நிரப்பி, கதவருகே வைத்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. ஐபெக்ஸ் கணவாயை நெருங்கியபோது ஐவரும் சாளரத்தின் வழியே சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தோம். மண்ணில் பழைய சக்கரத் தடங்கள் மட்டும் இருந்தன. வழியில் யாரும் கையசைக்கவில்லை. இரண்டு கேன்களும் நிறைந்தபடியே பார்ஸ்டோ வந்து சேர்ந்தன. அவை வீணாகச் சுமக்கப்பட்டவை என்று எங்களுக்குத் தோன்றவில்லை.